இல்லாத வீட்டுக்குத்தான் அவசரக் காசு முதலில் வேண்டும்

மாதர் சங்கக் கூட்டத்தில் நான் கதைத்ததை வெட்டிப் போட்ட வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கீழே வந்த கொமென்டுகளையும் வாசித்திருப்பீர்கள். "கிழமைக் கடன் கட்ட வழியில்லாத பெண்ணிடம் சேமிக்கச் சொல்லி வகுப்பெடுக்கிறா." வாசித்துவிட்டு அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நான் சொன்னது ஒன்றுதான். ஒவ்வொரு வீட்டிலும் அவசரத்துக்கென்று தொடாத காசு கொஞ்சம் இருக்க வேண்டும். வசதியான வீட்டில் ஒரு அவசரம் என்றால் அண்ணனிடமோ வங்கியிலோ கேட்பார்கள். எங்கள் பெண்களுக்கு அவசரம் வந்தால் படலையைத் திறந்து வருவது கடன் கொடுக்கிறவர்தான். அதனால்தான் இல்லாத வீட்டுக்கு அது முதலில் வேண்டும் என்றேன்.

அரச ஆஸ்பத்திரி இலவசம், 1990 என்ற நம்பருக்கு அடித்தால் வரும் அம்புலன்ஸும் இலவசம், பிறகென்ன செலவு என்று ஒருவர் கேட்டிருந்தார். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றினால் என்னென்ன செலவு வரும் என்று கூட நின்றவர்களைக் கேளுங்கள். நிற்பவருக்குச் சாப்பாடு, பஸ் காசு, வெளியில் வாங்கச் சொல்லும் மருந்து, அந்தக் கிழமை முழுக்கப் போன கூலி. கையில் 20,000 ரூபாய் இருந்தால் பிள்ளையின் தோடு அடகுக்குப் போகாது.

மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கு என்ன பட்ஜெட் என்கிறார்கள். அவர்களுக்குத்தான் வேண்டும்! மாரிமழையில் விதைக்கும் காலபோக நெல் விற்ற காசு மாசி, பங்குனியில் ஒரேயடியாக வருகிறது. வந்த அன்றைக்கே அடுத்த உழவுக்கும் உரத்துக்கும் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை மாதக் கணக்கில் பிரிக்க வேண்டும். அவசரக் காசாக 3 மாதச் செலவு கையில் இருந்தால் நல்லது. வீட்டுச் செலவு மாதம் 40,000 என்றால் அது 120,000. அவ்வளவும் ஒரு போகத்தில் சேராது, எனக்கும் தெரியும். முதலில் அந்த 20,000 சேரட்டும்.

"சேமித்து என்ன கண்டோம்?" இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கோபப்படமாட்டேன். என் அம்மா முட்டை விற்ற காசைத் புலிகள் நடத்திய வங்கியான தமிழீழ வைப்பகத்தில் போட்டு வந்தார். 2009 இல் யுத்தம் முடிந்ததோடு அதெல்லாம் போனது. கடைசி யுத்தத்தில் இடம்பெயர்ந்து நின்ற வலைஞர்மடத்தில் அவருடைய காப்பை விற்றுத்தான் நாங்கள் சாப்பிட்டோம். இன்றைக்கும் வங்கிப் புத்தகத்தைக் கண்டால் முகத்தைத் திருப்புவார். ஆனால் மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து மீள்குடியேற வந்தபோது கிணறு இறைத்ததும் ஆடு வாங்கியதும் மிஞ்சியிருந்த ஒரு சங்கிலியை விற்றுத்தான். எங்கள் சனத்துக்குச் சேமிக்கத் தெரியாது என்று நான் சொன்னேனாம். அந்த அம்மாவின் மகள் அப்படிச் சொல்வாளா?

2022 பொருளாதார நெருக்கடியில் காசின் பெறுமதி போனதே என்பவர்களுக்கு: சரி, போனதுதான். அதற்காக ஒன்றுமே இல்லாமல் இருந்தவர்கள் அந்த வருடம் நன்றாக இருந்தார்களா?

கடன் கொடுக்கிறவர்களை விட்டுவிட்டுப் பெண்களைக் குறை சொல்கிறேன் என்பதுதான் என்னை அதிகம் நோகடித்தது. கொம்பனிகள் வீட்டுக்கு வந்து கொடுக்கும் சிறு கடனான நுண்கடனுக்கு எதிராகப் பெண்கள் வீதியில் நின்றபோது நானும் நின்றேன். 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 100,000 ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. அதே வருடம் டிசம்பரில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தன, வயலும் வீடும் வெள்ளத்தில் நின்றன. கையில் ஒரு சதமும் இல்லாத வீடு அப்போது எங்கே போகும்? திரும்பவும் அதே கையெழுத்து, அதே குழுக் கடன். தள்ளுபடி பழைய கடனைத்தான் அழித்தது. அடுத்த வெள்ளத்துக்குக் கையில் ஒன்றும் தரவில்லை. இதைத்தான் கூட்டத்தில் சொன்னேன். அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள்.

கொமென்ட் போட்டவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். தம்பிமாரே, உங்கள் மருமகளின் சாமத்திய வீட்டுக்கு மண்டபம், வீடியோ, சாப்பாடு என்று லட்சக்கணக்கில் அனுப்புகிறீர்கள். உங்கள் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்த மாதம் அதே வீட்டில் தண்ணீர்ப் பம்ப் பழுதானால் உங்கள் அக்கா உங்களிடம் திரும்பக் கேட்கக் கூச்சப்படுகிறா. யாரிடம் போகிறா என்று நான் கண்ணால் பார்க்கிறேன். அடுத்த முறை அனுப்பும்போது பாதியை அக்காவின் பெயரில் வங்கிப் புத்தகத்தில் போடச் சொல்லுங்கள். நினைத்த நேரமெல்லாம் எடுக்காமலிருக்க ஏரிஎம் கார்ட் எடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.