லயத்துக் காம்பராவும் பர்மிங்ஹாம் நேரமும்

இலங்கை மலையகப் பெண், வேற்றினத்துக் காதலன், இடையில் ஒரு கடல், கையில் ஒரு போன். இப்படி நாவல் எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பனியும் தேயிலைப் பச்சையும் பிறகு வரட்டும். முதலில் ஒரு கொப்பித் தாளை எடுத்து இரண்டு பேருடைய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அதைச் செய்யாமல் விட்டால் இருநூறு பக்கமும் "உன்னையே நினைத்தேன்" என்றுதான் போகும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். அவள் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் டீச்சர். அவன் பர்மிங்ஹாமில் ஆஸ்பத்திரித் தாதி, தாத்தா காலத்தில் ஜமேக்காவிலிருந்து வந்த குடும்பம். பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடும். அவனுக்குப் பகல் ஷிப்ட் என்றால் இரவு 8 மணிக்கு முடியும். கோடையில் இங்கிலாந்து நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால். அவன் வார்டை விட்டு வெளியே வரும்போது இங்கே நள்ளிரவு 12.30. ஒக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள், நாம் தள்ளுவதில்லை. அன்றிலிருந்து அதே அழைப்பு 1.30க்கு வரும். 2024இல் அந்த மாற்றம் ஒக்டோபர் 27, தீபாவளி 31. பலகாரச் சட்டியோடு வீடே விழித்திருக்கும் வாரத்தில் இது நடக்கிறது. சண்டைக்குக் காரணம் தேடி வில்லனை இறக்க வேண்டியதில்லை.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொன்று தெரியும். அவனுக்கு இரவு ஷிப்ட் விழும் வாரங்கள்தான் இவர்களுக்கு நல்ல வாரங்கள். கோடையில் காலை 8க்கு வேலை முடிந்து 9 மணிக்கு அவன் வீட்டில் சப்பாத்தைக் கழற்றும்போது இங்கே பாடசாலை மணி அடிக்கும். அவனுக்குக் கண் சொக்கும், அவளுக்கு வயிறு காயும். அந்தப் பேச்சில் ஒரு வகைக் கிறுக்குத்தனமும் நெருக்கமும் தானாக வரும். பகல் ஷிப்ட் வாரங்களில் குரல் பதிவு மட்டும்தான். கதை 2022இல் நடக்கிறதென்றால் மின்வெட்டையும் சேருங்கள். மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை.

அடுத்தது சுவர். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான பல லயங்களில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும், அதாவது அறைக்கும் அறைக்கும், நடுவில் உள்ள சுவர் கூரைத் தகரம் வரை ஏறாது. இங்கே இருமினால் அங்கேயிருந்து "வெந்நித் தண்ணி குடி புள்ள" என்று குரல் வரும். அப்படிப்பட்ட இடத்தில் நடுச்சாமத்தில் ஒருத்தி மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் நாலு பக்கம் பேசுவதாக எழுதினால் யார் நம்புவது? விடிந்தால், வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்தில் அதுதான் பேச்சு. அவள் பக்கத்து வசனம் "ம்", "சரி", "சொல்லு" என்றுதான் இருக்கும், மிச்சத்தைத் தட்டச்சு செய்வாள். அவன் நீளமாகப் பேசுவான், அவள் "ம்" சொல்வாள். அந்த "ம்"களில் எது சம்மதம், எது கோபம், எது பக்கத்துக் காம்பரா மாமி புரண்டு படுத்ததால் வந்தது என்று அவன் கற்றுக்கொள்வதே ஓர் அத்தியாயத்துக்குத் தாங்கும்.

பார்சல் அனுப்பும் காட்சியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். லயத்து வாசலில் தபால்காரர் மணியடிப்பதில்லை. பெரும்பாலான தோட்டங்களில் வீட்டு இலக்கம் கிடையாது, தோட்டத்தின் பெயர்தான் எல்லாருக்கும் விலாசம். கடிதம் தோட்ட ஆபிசில் இறங்கி, கைமாறி, சில வேளை அதே பெயருள்ள இன்னொருத்தி வீட்டுக்குப் போய்த்தான் வரும். போதாததற்கு, நம் வழக்கத்தில் அப்பா பெயர் முன்னால் நிற்கும். அவன் அதையே அவள் பெயரென்று எழுதி அனுப்பினால் பொதியை வாங்கக் கூப்பிடப்படுவது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

வீசா விஷயத்தில் எண்களைப் பிசகவிடாதீர்கள். பிரித்தானிய வாழ்க்கைத்துணை வீசாவுக்கு அங்குள்ளவர் காட்ட வேண்டிய ஆண்டு வருமானம் 18,600 பவுண் ஆக இருந்தது, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000. இங்கிலாந்தின் அரச மருத்துவ சேவையில் ஐந்தாம் சம்பளத் தரத்தில் புதிதாகச் சேர்ந்த தாதியின் அடிப்படைச் சம்பளம் அப்போது 28,407. குறைவது வெறும் 593 பவுண்! அந்த ஆண்டின் உயர்வு வந்த பிறகுதான் 29,970 ஆனது. இடைப்பட்ட மாதங்களை ஒரு நாவலாசிரியர் வீணாக்கலாமா? இருவரும் ஒரு தடவையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே திரையிலேயே காதலித்து நேராக ஹீத்ரோவில் கட்டிப்பிடிக்கும் முடிவு செல்லாது, அவன் ஒரு முறை ஹட்டன் வழியாக மேலே ஏறியே ஆக வேண்டும்.

இனி இனம். இலங்கையில் இந்தச் சொல்லைக் கேட்டதும் தமிழா சிங்களமா என்றுதான் மனசு ஓடும், தோலின் நிறம் அதற்குப் பிறகு. காதலன் வெள்ளையனென்றால் தோட்டத்தில் அவனுக்கு ஏற்கனவே ஒரு பெயர் தயாராக இருக்கிறது: தொரை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட காலத்திலிருந்து வரும் மரியாதையும் பயமும் அதில் இருக்கிறது, துரைமாருக்கும் தோட்டத்துப் பெண்களுக்கும் பிறந்து ஏற்கப்படாமல் போன பிள்ளைகளின் கதையும் இருக்கிறது. அவன் முற்றத்தில் கால் வைத்ததும் இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில், இருக்கும் பாட்டி கையை ஊன்றி எழுந்து நிற்பாள். இவன் பதறி உட்காரச் சொல்வான். அவள் உட்கார மாட்டாள். அந்த இடத்தில் வசனமே வேண்டாம்.

கறுப்பினத்தவனான நம் உதாரணத்துக் காதலனுக்கு வேறு சொல் காத்திருக்கிறது. "காப்பிரி" என்பது இங்கே புத்தளம் சிரம்பியடியில் வாழும் ஓர் ஆபிரிக்க வம்சாவளிச் சமூகத்தின் பெயர், தென்னாபிரிக்காவிலோ அதே வேர்ச்சொல் படு கேவலமான வசை. பக்கத்து வீட்டுக்காரர் வெகுளியாகச் சொல்வார், அவள் அதை மொழிபெயர்க்க வேண்டி வரும். மொழிபெயர்ப்பாளா, மாற்றிச் சொல்வாளா? முகம் வெளுக்க கிரீம் வாங்கித் தரும் அதே வீட்டில்தான் அவளும் வளர்ந்தாள் என்பதை மறைத்துவிட்டு வெளியாரை மட்டும் குற்றம் சொல்லும் நாவல் பாதி நாவல்தான்.

மொழியில் ஒரு சின்ன வேண்டுகோள்: தலவாக்கலைக்காரி வாயில் யாழ்ப்பாணத்து "வாறியளோ, போறியளோ" வேண்டாம். அவள் "வர்றீங்களா" என்பாள். ஆங்கில உரையாடலைத் தமிழில் எழுதும்போது "நீங்க" எந்தப் பக்கத்தில் "நீ" ஆகிறது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றே, அந்த மாற்றம் அவனுக்குக் கேட்காது, வாசகருக்கு மட்டும் கேட்கும். ஆங்கிலத்துக்கு இல்லாத இந்த வசதியைத்தான் நம்மவர்கள் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

அவன் போனில் தமிழ் படித்து வந்து, அம்மாவிடம் "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்பான். அம்மா அவனுக்குப் பதில் சொல்ல மாட்டாள். மகளைப் பார்த்து, "தம்பி சாப்பிட்டுச்சான்னு கேளு" என்பாள்.