'லேசான பக்கவிளைவு' என்று மட்டும் அச்சடிக்காதீர்கள்

அமெரிக்காவில் 2022 செப்டம்பரிலிருந்து கொரோனா பூஸ்டர் தடுப்பூசி புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வருகிறது. முதலில் பழைய வைரஸும் ஒமைக்ரான் பிஏ.4/5-உம் சேர்ந்த கலவை. 2023-இல் எக்ஸ்பிபி.1.5 என்ற வைரஸ் வகை மட்டும். 2024-இல் ஃபைசரும் மாடர்னாவும் கேபி.2-க்கு மாறின, நோவாவாக்ஸ் ஜேஎன்.1-க்கு. மாறியது வகைதான். பெரியவர்களுக்கு ஃபைசர் 30 மைக்ரோகிராம், மாடர்னாவின் ஸ்பைக்வேக்ஸ் ஊசி 50 என்ற அளவு அப்படியே இருக்கிறது. அதனால் உடம்பு படுகிற பாடும் பழைய பாடுதான்.

இதைத் தடுப்பூசித் துண்டறிக்கையில் "லேசான பக்கவிளைவுகள் வரலாம்" என்று ஒரே வரியில் முடிப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. தடுப்பூசி ஆய்வில் கலந்துகொள்பவர்கள் ஊசிக்குப் பின் ஏழு நாள் குறிப்பு எழுதுவார்கள். வேலை கெடாவிட்டால் லேசானது, ஓரளவு கெட்டால் மிதமானது, அன்றாட வேலையே ஓடாவிட்டால் கடுமையானது. நடுராத்திரியில் குளிர் தூக்கிப்போட, 38.5 டிகிரி காய்ச்சலோடு போர்வைக்குள் சுருண்டு கிடப்பவரிடம் முன்கூட்டியே "லேசானது" என்று சொல்லியிருந்தால், அடுத்த வருஷம் அவர் அந்தப் பக்கமே தலைவைக்க மாட்டார். மணிக்கணக்கைச் சொல்லிவிடுங்கள்: அன்று சாயங்காலம் கைவலி, மறுநாள் அசதி, தலைவலி, உடம்புவலி, சிலருக்குக் காய்ச்சல். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். மறுநாள் லீவு இருக்கிற மாதிரி பார்த்துப் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

காய்ச்சல் வரும் என்று பயந்து முன்னாடியே பாராசிட்டமால் விழுங்க வேண்டாம். வந்த பிறகு 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில் போதும். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சலே வரவில்லையே, ஊசி வேலை செய்யவில்லையோ என்ற கவலையும் வேண்டாம். அப்படி ஒரு கணக்கு கிடையாது.

இருமல், மூக்கொழுகல், வாசனை தெரியாமல் போவது ஆகியவை ஊசியின் வேலை அல்ல. வீட்டிலேயே கொரோனா ஆன்டிஜென் கிட்டில் பார்த்துவிடுங்கள். கிட் தேடுவது வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்தை. ஊசி தருவது வைரஸின் வெளிமுள்ளான ஸ்பைக் புரதம் மட்டும். ஆகவே ஊசி போட்டதால் பாசிட்டிவ் காட்டாது.

ஊசி போட்ட பக்கத்து அக்குளில் நெறி கட்டலாம். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் போகும் பெண்கள் எந்தக் கையில், என்றைக்குப் போட்டது என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வீண் பதற்றம், கூடுதல் ஸ்கேன்.

கைவலி ஒரு வாரம் தாண்டியும் தணியாமல், கையைத் தலைக்கு மேலே தூக்கவும் முடியாவிட்டால் அது மருந்தின் குற்றமாக இருக்காது, ஊசி குத்திய இடத்தின் குற்றமாக இருக்கலாம். தோள் எலும்பு முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, தசையின் நடுவில் இறங்க வேண்டியது, மேலே ஏறிவிட்டால் மூட்டுப் பக்கம் போய் அழற்சி உண்டாக்கும். சட்டைக் கையை அரைகுறையாகச் சுருட்டிக்கொண்டு நீட்டினால் இடம் தப்புவது சுலபம். தோள் முழுக்கத் தெரியட்டும். போடுகிறவரும் உட்கார்ந்தே போடட்டும்.

அலட்சியம் கூடாத ஒன்று இதயத்தசை அழற்சி. 2023-24 ஃபைசர், மாடர்னா மருந்துகளுக்குப் பின் 12 முதல் 24 வயது ஆண்களில் பத்து லட்சம் டோஸுக்குச் சுமார் 27 பேருக்கு இதுவோ இதய உறை அழற்சியோ வந்ததாக 2025-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கையில் சேர்த்தது. அரிதுதான். ஆனால் முதல் வாரத்தில் நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, படபடப்பு என்று பையன் சொன்னால், "கேஸாக இருக்கும்" என்று சோடா வாங்கிக் கொடுக்காமல் நேரே எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போய், ஊசி போட்ட தேதியை முதலில் சொல்லுங்கள்.