ஐம்பத்தைந்து வயதில் நூறு காதல் கவிதைகள்

சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது அந்த இருபது காதல் கவிதைகள்தான். 1924-இல், இருபது வயதுகூட நிறையாத இளைஞன் எழுதியவை. எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் 1959-இல் வந்த 'நூறு காதல் சொனெட்டுகள்' (சொனெட் என்றால் பதினான்கு வரிக் கவிதை) அதைவிடப் பெரிய காதல் புத்தகம் என்பதுதான் என் கட்சி.

அது வரும்போது அவருக்கு 55 வயது. யாருக்காக எழுதினாரோ, அந்த மத்தில்தே உருத்தியாவுக்கு 47. நம் ஊராக இருந்தால் 'பேரன் பேத்தி எடுக்கிற வயசில் இதெல்லாம் எதுக்கு' என்று கேட்டிருப்பார்கள். துணையை இழந்து ஐம்பது தாண்டிய எத்தனை பேர் இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே வாயை மூடிக்கொள்கிறார்கள்! எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சரி, கவிதைக்கு வருகிறேன். இளவயதுக் கவிதைகளில் அந்தப் பெண் பெரும்பாலும் பக்கத்தில் இல்லை. அவள் இல்லாத ஏக்கம்தான் கவிதையாகிறது. சொனெட்டுகளில் மத்தில்தே வீட்டுக்குள் நடமாடுகிறார். ஒரு கவிதையில் நண்பகல் நேரத்து வீடு ரயிலைப் போல் ஒலிக்கிறது, அடுப்பில் பாத்திரங்கள் பாடுகின்றன. கூடவே வாழ்கிற ஒருத்தியை இவ்வளவு ஆசையோடு பார்க்க இருபது வயதில் முடியுமா? எனக்குச் சந்தேகம்தான். இந்தக் கவிதைகளை மரத்தால் செய்தேன் என்று முன்னுரையில் மத்தில்தேவிடமே சொல்கிறார் நெருடா. வெள்ளி போலவோ படிகம் போலவோ ஒலிக்க வேண்டும் என்ற ஆசை அந்த வயதில் போய்விட்டிருந்தது.

இந்தக் காதலில் ஒருவருக்குக் காயமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மனைவி தெலியாவோடு வாழும்போதே தொடங்கிய உறவு இது. தெலியா மனம் நோகக் கூடாதென்று, மத்தில்தேவுக்காக எழுதிய முந்தைய தொகுப்பை 1952-இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் தன் பெயர் போடாமலே வெளியிட்டார். 1955-இல் தெலியாவைப் பிரிந்தார். கவிதை நன்றாக இருக்கிறது என்பதற்காக தெலியாவின் வலி இல்லாமல் போய்விடாது.

அப்புறம், மரணம். இளைஞனின் கவிதையில் அது அலங்காரம். 89-ஆவது சொனெட்டிலோ அவர் நேராகவே பேசுகிறார்: நான் சாகும்போது உன் கைகள் என் கண்மேல் இருக்கட்டும், நான் உறங்கினாலும் நீ வாழ வேண்டும், நாம் சேர்ந்து நேசித்த கடலின் வாசனையை நீ முகர வேண்டும், நாம் நடந்த மணலில் நீ தொடர்ந்து நடக்க வேண்டும். என்னைவிட்டுப் போகாதே என்று கெஞ்சவில்லை. நான் போன பிறகும் நீ இரு என்கிறார். நெருடாவிடமிருந்து ஒரே ஒரு கவிதை வேண்டும் என்று யார் கேட்டாலும், இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.