அந்த ஸ்ட்ரைக்-ஆஃபில் கையெழுத்துப் போட்டது யார்?

மூன்று நாளாக எல்லாரும் அந்தப் பல்கலைக்கழக ஃபேஷன் ஷோவில் ஒரு மாணவி வடிவமைத்த, தேவி உருவம் அச்சிட்ட உடையின் படத்தையே பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். பக்கவாட்டுத் தையலில் தேவியின் முகம் இரண்டாகப் பிரிந்து, ஒரு கண் முன்பக்கமும் மற்றது பின்பக்கமும் போயிருக்கிறதே, அந்தப் படம். அதைவிட எனக்கு வலித்தது பல்கலைக்கழகத்தின் அறிக்கைதான். ‘மாணவியின் தனிப்பட்ட படைப்பு, நிர்வாகத்துக்குச் சம்பந்தமில்லை’ என்று முடித்துவிட்டார்கள்.

எப்படிச் சம்பந்தமில்லாமல் போகும்? ஒரு பிரிண்ட் மேடை ஏறுவதற்குள் எத்தனை மேசை தாண்டுகிறது என்று துணி அச்சு தெரிந்தவர்களுக்குத் தெரியும். யோசனைப் படங்களை ஒட்டும் மூட் போர்டு, வரையும் ஆர்ட்வொர்க், அதையே துணி முழுக்கத் திரும்பத் திரும்ப அடுக்கும் ரிப்பீட். பிறகு நிறம் சரியா என்று பார்க்கச் சின்னத் துண்டில் அச்சடிக்கும் ஸ்ட்ரைக்-ஆஃப். அப்புறம் உடுப்பின் துண்டுகளை வரையும் பேட்டர்ன், வெறும் காடாத் துணியில் ஒரு மாதிரி உடுப்பு, அந்தத் துண்டுகளைத் துணியில் அடுக்கிக் காட்டும் மார்க்கர், கட்டிங், தையல், ஃபிட்டிங். இது பாடத்திட்டத்துக்குள் நடக்கிற வேலை. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆசிரியர் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். அவர்களில் ஒருவர்கூட, ‘இந்த முகம் எந்தத் தையலில் விழும்?’ என்று கேட்கவில்லை. நல்ல பல்கலைக்கழகம் எது என்று என்னைக் கேட்டால், கத்தரி துணியைத் தொடுவதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆள் இருக்கும் இடம்தான் என்பேன்.

அந்தப் பிள்ளை வரைந்ததில் குறையில்லை. அடுக்கிய விதத்தில்தான் பிசகு. துணி முழுக்க அச்சிடும் ஆல்ஓவர் பிரிண்டில் மோட்டிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் உருவை, நாலு திசையும் திருப்பிப் போட்டு அடுக்குவதை டாஸ் லேஅவுட் என்போம். துணிக்குத் தலை, கால் என்று இல்லாவிட்டால் மார்க்கரில் பேட்டர்ன் துண்டுகளை எப்படி வேண்டுமானாலும் திருப்பிச் செருகலாம், துணி மிச்சமாகும். பூவுக்கும் இலைக்கும் அது சரி. தெய்வ உருவத்தை அப்படி அடுக்கினால் பல உருவங்கள் தலைகீழாகத்தான் நிற்கும். எல்லாவற்றையும் நிமிர்த்தி ஒன்வேயாகப் போட்டாலும் தீராது. பேட்டர்ன் ஓரம் எங்கே விழுகிறதோ அங்கேதான் கத்தரி ஓடும், அது நெற்றியானாலும் கழுத்தானாலும். வெட்டியது போக 10 முதல் 15 சதவீதம் வரை துணி துண்டு துண்டாகக் கழியும். அந்தக் கழிவு இயந்திரத்தில் எண்ணெய் துடைக்கப் போகிறது. அதிலும் அதே முகம் இருக்கும்.

வழி இல்லாமலில்லை. குறித்த இடத்தில் மட்டும் அச்சிடும் பிளேஸ்மென்ட் பிரிண்ட் போட்டிருக்கலாம். முதலில் பேட்டர்ன் கோடு, அதற்குள் ஒரே ஓர் உருவம். தையலுக்கு விடும் 1 செ.மீ. போக இன்னும் 3 செ.மீ. சுற்றிலும் காலியாக விட வேண்டும். மேல்முதுகு நல்ல இடம், அங்கே துணி தட்டையாக நிற்கும். மார்பில் வைத்தால், உடம்பின் வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கும் டார்ட் பிடிக்கும்போது முகம் கோணும். இடுப்புக்குக் கீழே போட்டால் உட்காரும்போது எங்கே மடங்கும் என்று நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

எழுத்தென்றால் இன்னும் கவனம் தேவை. சூட்டில் தாளிலிருந்து துணிக்கு மை ஏற்றும் சப்ளிமேஷன் முறையில், தாளில் கண்ணாடிப் பிம்பமாக அச்சிட வேண்டும். மறந்தால் மந்திரம் இடவலம் மாறி நிற்கும். எழுத்துச் சேர்க்கை தெரியாத மென்பொருளில் அரபு வாசகத்தை ஒட்டினால், கோத்து நிற்க வேண்டிய எழுத்துகள் தனித்தனியாக உதிர்ந்துவிடும். மொழி தெரியாத கண்ணுக்கு இரண்டும் அழகாகவே தெரியும். ஆபத்தே அதில்தான்.

1994இல் ஷனெல் என்ற பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனத்தின் மேடையில் குர்ஆன் வசனம் பொறித்த உடைகள் வந்தன. தாஜ்மகால் பற்றிய ஒரு புத்தகத்திலிருந்து எடுத்த காதல் கவிதை என்று நினைத்ததாக விளக்கம் சொன்னார்கள். அரபு வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். 1997இல் நைக்கி 38,000 ஜோடிக் காலணிகளைத் திரும்பப் பெற்றது. தீப்பிழம்பு வடிவில் எழுதிய ‘ஏர்’ என்ற சொல், அரபியில் ‘அல்லாஹ்’ போலத் தெரிந்ததுதான் காரணம். அங்கேயும் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்க ஆளில்லை.

‘அப்படியென்றால் கடவுள் உருவமே உடையில் வரக்கூடாது என்கிறீர்களா?’ என்று வருவீர்கள். நான் அதைச் சொல்லவே இல்லை. குர்ஆன் வசனங்களை நுணுகி எழுதிய ரட்சைச் சட்டைகள் 15ஆம் நூற்றாண்டு இந்தியாவிலேயே உண்டு. கவசத்துக்கு அடியில் காப்பாக அணிந்தார்கள். நாமாவளி சால்வையில் துணி முழுக்க இறைநாமம்தான், ஆனால் அது தோளில் கிடக்கும். இடைக்கால ஐரோப்பியக் குருமாரின் அரைவட்ட மேலங்கிகள் சிலவற்றில் புனிதர் உருவங்களை விசிறிபோல் சாய்த்துத் தைத்திருப்பார்கள். விரித்து வைத்தால் சாய்ந்து தெரியும், தோளில் போட்டால் நிமிர்ந்து நிற்கும். அந்தத் தையல்காரர்கள் உடம்பை நினைத்து வேலை செய்தார்கள். இதைச் சொல்லிக்கொடுக்காமல் ஆடை வடிவமைப்புக்கு ஒரு துறை எதற்கு?

‘கலைச் சுதந்திரம்’ என்பவர்களுக்கும் ஒன்று. வேண்டுமென்றே முகத்தைப் பிளந்து ஒரு கருத்தைச் சொல்ல ஒரு மாணவி தீர்மானித்தால், அதற்காக அவளோடு நிற்க நான் தயார். ஆனால் இது தீர்மானித்துச் செய்தது இல்லை, தெரியாமல் நடந்தது. தெரியாமல் நடந்ததைச் சுதந்திரம் என்று தூக்கிப் பிடிப்பது அந்தப் பிள்ளைக்கு எந்த உதவியும் செய்யாது. ‘அவள் ஒன்றும் சின்னக் குழந்தை இல்லையே’ என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. கற்றுக்கொள்ளத்தானே வந்தாள்?

தரவரிசையில் இந்த இடம், நூலகத்தில் இத்தனை நூல், வளாக நேர்காணலில் இத்தனை பேருக்கு வேலை என்று பதாகை வைக்கிறீர்கள். ஒரு ஸ்டுடியோ ஆசிரியர் கையில் எத்தனை மாணவர் என்பதை எந்தப் பதாகையிலும் காணோம். ஒரு ஆர்ட்வொர்க்கை ஒழுங்காகப் பார்க்க இருபது நிமிடமாவது வேண்டும். நாற்பது பேர் இருந்தால் ஒரு சுற்றுக்கே பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தம் புதுப்பிப்பார்களா என்று தெரியாமல், மூன்று பாடம் சேர்த்து எடுக்கிற ஆசிரியருக்கு அந்த நேரம் எங்கிருந்து வரும்? அவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தால் அவரை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் மதிப்பெண் போட்ட ஆசிரியர்கள் பெயர் ஒன்றும் வெளியே வரவில்லை. அந்த மாணவியின் பெயரும் முகமும் மட்டும் ஊர் முழுக்கச் சுற்றுகின்றன. மதிப்பெண் போட்ட பதிவேடு துறை அலமாரியில்தான் இருக்கும். அந்த ஸ்ட்ரைக்-ஆஃப் துண்டும் அதோடு பின் அடித்துத்தான் இருக்கும், பின்பக்கம் தேதியோடும் கையெழுத்தோடும். அறிக்கை எழுதியவர்கள் முதலில் அதை எடுத்துப் பார்க்கட்டும்.