பேக்கிங் ஆச்சா?

கணவர்: டப்பா எங்கே?

மனைவி: எந்த டப்பா?

கணவர்: பிஸ்கட் டப்பாதான். காரில் முதலில் அதற்கு இடம் பார்க்க வேண்டும். மேலே யாராவது பெட்டியைத் தூக்கி வைத்தால் அத்தனையும் தூள்.

மனைவி: என்ன பிஸ்கட்?

கணவர்: விளையாடாதே. மதியம் மூன்று மணிக்கு 'பேக்கிங் ஆச்சா?' என்று மெசேஜ் போட்டேன். 'ஆச்சு' என்று நீதானே பதில் போட்டாய்? கூடவே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை வேறு.

மனைவி: ஆச்சுதானே. இதோ இருக்கிறதே பெட்டி. ஜிப்கூடப் போட்டாகிவிட்டது.

கணவர்: இது துணி அடுக்குகிற பேக்கிங். நான் கேட்டது மாவு பிசைந்து சுடுகிற பேக்கிங்!

மனைவி: இரண்டும் ஒரே எழுத்து.

கணவர்: உச்சரிப்பு வேறு.

மனைவி: மெசேஜ் உச்சரிக்குமா?

(தமிழில் இரண்டு 'ப'வுக்கும் ஒரே எழுத்துதான், பாவம். ஆனால் பழியை முழுதாக எழுத்தின் மேல் போட்டுவிட முடியாது. மேலே படியுங்கள்.)

கணவர்: ஐயோ, குரூப்பில் சொல்லிவிட்டேனே! 'அறுபது பிஸ்கட் ரெடி' என்று. ஏழு பேர் கைதட்டியிருக்கிறார்கள்.

மனைவி: அறுபதா?

கணவர்: டூருக்கு வருவது ஐந்து ஜோடி, பத்துப் பேர். ஆளுக்கு ஆறு.

மனைவி: பரவாயில்லை, கணக்கையாவது சொந்தக் கையால் செய்திருக்கிறீர்கள்.

கணவர்: இப்போது மணி ஒன்பதரை. காலையில் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். கேலிக்கு நேரமில்லை. போன ஞாயிற்றுக்கிழமையே உன்னிடம் சொன்னேனா இல்லையா, 'பிஸ்கட்டை நாம் செய்துவிடலாம்' என்று?

மனைவி: சொன்னீர்கள். எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று நானும் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கணவர்: நானா? நீ ஆரம்பிப்பாய் என்றல்லவா நான் இருந்தேன்!

மனைவி: எதை வைத்து?

கணவர்: 'நாம்' என்றேனே!

மனைவி: அதைத்தான் கேட்கிறேன். இதற்குத் தமிழில் இரண்டு சொல் உண்டு. 'நாம்' என்றால் பேசுகிறவரும் கேட்கிறவரும் சேர்ந்து. 'நாங்கள்' என்றால் கேட்கிறவரைக் கழித்துவிட்டு. நீங்கள் மூன்றாவதாக ஒன்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். அதில் பேசுகிறவர் மட்டும் கழிந்துவிடுகிறார்.

கணவர்: இந்த நேரத்தில் இலக்கணமா?

மனைவி: 'நாம் ஒரு நாள் ஒட்டடை அடிக்க வேண்டும்.' 'நாம் அந்த அலமாரியை ஒழித்துப்போட வேண்டும்.' 'நேற்று ராத்திரி நாம் பால் பாத்திரத்தை ஊறப்போட மறந்துவிட்டோம்.' எல்லாமே அந்த மூன்றாவது 'நாம்'.

கணவர்: சரி, சரி. இப்போது நாம் என்ன செய்யலாம்?

மனைவி: பாருங்கள், மறுபடியும்.

(இந்த 'நாம்'-ஐப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஒன்றிரண்டு முறை என் வாயிலிருந்தே வந்து விழுந்திருக்கிறது. விழுந்ததைப் பொறுக்கி எடுத்தது யார் என்று கேட்காதீர்கள்.)

கணவர்: கடையில் வாங்கி டப்பாவில் மாற்றிவிட்டால்?

மனைவி: கூடாது என்று சட்டம் போட்டதே நீங்கள்தானே? 'இந்த முறை யாரும் காசு கொடுத்து எதையும் வாங்கக் கூடாது. தின்பண்டமும் பரிசும் வீட்டில் செய்ததாக இருக்க வேண்டும். சிம்பிளாக, கையால்.' குரூப்பில் மேலேயே குத்தி வைத்திருக்கிறீர்கள்.

கணவர்: கையால் செய்ததில் ஓர் அன்பு இருக்கும்மா.

மனைவி: இருக்கும். யார் கையால் என்று போட்டீர்களா?

கணவர்: ஐயையோ, பரிசு! நாலு வீட்டுக்கும் நாலு பரிசு என்று சொன்னேனே, அது?

மனைவி: அதுவும் நாம்தானா?

கணவர்: பதறாதே. என்னிடம் யோசனை இருக்கிறது. சோப்பு! எண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர். மூன்றே பொருள். ஒரு வீடியோவில் பத்து நிமிடத்தில் செய்து காட்டிவிட்டார்கள்.

மனைவி: எந்தப் பாத்திரத்தில் செய்வதாக இருக்கிறீர்கள்?

கணவர்: அந்தப் பெரிய அலுமினியச் சட்டி இருக்கிறதே.

மனைவி: காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்துவிடும். நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் வாயு கிளம்பும். கையில் பட்டால் தோல் வெந்துபோகும். இதையெல்லாம் தாண்டி நீங்கள் பிழைத்து வந்தாலும், அச்சில் ஊற்றிய சோப்பு காய்ந்து பக்குவமாக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும்.

கணவர்: ஆறு வாரமா? வீடியோவில் அதைச் சொல்லவில்லையே.

மனைவி: பத்து நிமிட வீடியோவில் ஆறு வாரத்தை எங்கே சொல்வது? நாளைக்குப் பரிசு கொடுங்கள். அடுத்த மாதக் கடைசி வரை யாரும் குளிக்க வேண்டாம் என்று சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள்.

கணவர்: சாக்லேட்? உருக்கு, அச்சில் ஊற்று, முடிந்தது. அது நிச்சயம் சிம்பிள்.

மனைவி: அதில் இருக்கிற கோகோ வெண்ணெய் 34 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகிவிடும். உங்கள் உடம்புச் சூடே 37. கையால் செய்த பரிசு கையிலேயே முடிந்துவிடும்.

கணவர்: மெழுகுவர்த்தி?

மனைவி: வெயிலில் நிறுத்திய கார் உள்ளே ஐம்பது டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். வர்த்தியாக ஏற்றுவோம், விரிப்பாக இறக்குவோம்.

கணவர்: எதைச் சொன்னாலும் உருக்கிவிடுகிறாயே! உருகாததாகச் சொல்கிறேன். கம்பளி மஃப்ளர். நீதான் பின்னுவாயே.

மனைவி: நாலு மஃப்ளர். நாளைக் காலை ஆறு மணிக்குள்.

கணவர்: சின்னதாகப் பின்னினால்?

மனைவி: கழுத்தையும் சின்னதாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கணவர்: ஏன் இப்படிக் கோபப்படுகிறாய்? சின்ன விஷயம்தானே. செலவே இல்லாத விஷயம்.

மனைவி: ஒரு நிமிடம். அந்தச் செலவை மட்டும் பேசிவிடலாம். போன வருஷம் உங்கள் நண்பர் வீட்டிலிருந்து ஜாம் வந்ததே, எட்டு பாட்டில். 'செலவே இல்லை, வீட்டில் செய்தது' என்று அவர் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தார். 'அடடா, சிம்பிளாக இருக்கிறது' என்று நீங்கள் தட்டிக்கொடுத்தீர்கள், அவர் முதுகில். அவர் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். விரலில் தீக்காயக் கட்டு. கொதிக்கிற பழச்சாறு தெறித்தது. அந்த ஜாமில் அவருடைய நண்பர் செய்தது என்ன தெரியுமா?

கணவர்: அவருடைய கணவர்.

மனைவி: ஆமாம், கணவர். கோபத்தில் உறவு மாறிவிட்டது. என்ன செய்தார் தெரியுமா?

கணவர்: என்ன?

மனைவி: ரிப்பன் கட்டினார். அதையும் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

கணவர்: ...

மனைவி: போய் இறங்கிய இடத்தில் மட்டும் என்ன? மூன்று நாள் வாடகை வீடு. 'ஹோட்டல் வேண்டாம், சமையலறையோடு வீடு எடுத்தால் குடும்பம் மாதிரி இருக்கும்' என்றீர்கள். இருந்தது, அப்படியே நம் குடும்பம் மாதிரியே இருந்தது. நீங்கள் ஐந்து பேரும் மாடியில் நின்று சூரியன் மறைவதை மூன்று நாளும் பார்த்தீர்கள். அது கிழக்கில் உதிப்பதும் மேற்கில் மறைவதும் எங்களுக்கும் கேள்வி ஞானமாகத் தெரிந்தது. கத்தி எந்த டிராயரில் இருக்கிறது, எந்த அடுப்பு சரியாக எரியவில்லை என்பதை மட்டும்தான் நேரில் பார்த்தோம்.

கணவர்: கூப்பிட்டோமே! 'வாருங்கள், வாருங்கள், அருமையாக இருக்கிறது' என்று கத்தினேனே.

மனைவி: கத்தினீர்கள். அதே மூச்சில் 'வரும்போது டீ' என்றீர்கள்.

கணவர்: சரி, போன வருஷத்தை விடு. இன்றைக்கு நான் உதவி செய்கிறேன். பார், வரும்போதே சாமான் வாங்கி வந்துவிட்டேன். இதோ, பேக்கிங் சோடா.

மனைவி: எதற்கு?

கணவர்: பேக்கிங் செய்யத்தான். பெயரிலேயே இருக்கிறதே.

மனைவி: எந்தப் பேக்கிங்?

கணவர்: மறுபடி ஆரம்பிக்காதே!

மனைவி: வெறும் சோடா சரியாக உப்பவைக்காது. கூடப் புளிப்பாக ஏதாவது சேர வேண்டும். அந்தப் புளிப்பையும் தூளாகக் கலந்து வைத்திருப்பதுதான் பேக்கிங் பவுடர். இதை மட்டும் அள்ளிப் போட்டால் பிஸ்கட்டில் சோப்பு வாடை அடிக்கும்.

கணவர்: சோப்பா?

மனைவி: ஆமாம். ஆறு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கணவர்: நீ சொல்கிறபடி அப்படியே செய்கிறேன். சொல்லு.

மனைவி: எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று.

கணவர்: எழுதிவிட்டேன். அப்புறம்?

மனைவி: அவ்வளவுதான். சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு, மைதா மூன்று. எடை போட்டு எடுக்க வேண்டும், கண்ணளவு கூடாது. அறுபது பிஸ்கட்டுக்கு 200 கிராம், 400 கிராம், 600 கிராம். முட்டை வேண்டாம், நீங்கள் தூக்கி வந்த சோடாவும் வேண்டாம்.

கணவர்: இவ்வளவுதானா? இதற்கா இவ்வளவு நேரம் பேசினாய்? நான் சொன்னதுதான், சிம்பிள்!

மனைவி: சிம்பிள்தான். வெண்ணெய் கல்லாக இருக்கிறது, இளக வேண்டும். பிசைந்து முடிக்க அரை மணி. மாவை ஃபிரிட்ஜில் வைத்து இறுக்க அரை மணி. நம் ஓவனில் ஒரு தட்டுக்குப் பன்னிரண்டுதான் கொள்ளும். ஐந்து தட்டு, தட்டுக்கு இருபது நிமிடம். கூட்டிப் பாருங்கள், கணக்கு நன்றாக வருமே.

கணவர்: அறுபதும் நூறும்... நூற்று அறுபது நிமிடம். பன்னிரண்டேகால் ஆகிவிடும்!

மனைவி: வெண்ணெய் இளகுகிற நேரத்தை விட்டுவிட்டீர்கள். சுட்டதும் ஆற விட வேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வியர்த்து நமத்துப் போகும். அடுக்கி, பாத்திரம் கழுவி, மேடையைத் துடைத்துப் படுக்க எப்படியும் இரண்டு.

கணவர்: ராத்திரி இரண்டு மணி வரைக்குமா? அறுபது பிஸ்கட்டுக்கா?

மனைவி: இதே கேள்வியை ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கலாம்.

கணவர்: காலையில் நான்தான் கார் ஓட்ட வேண்டும். தூங்காமல் எப்படி ஓட்டுவது? ஆறு மணிக்கு நாம் கிளம்ப வேண்டும்.

மனைவி: மாற்றம் இருக்கிறது. ஆறு மணிக்கு நாங்கள் கிளம்புகிறோம்.

கணவர்: அதைத்தான் நானும் சொல்கிறேன்.

மனைவி: இல்லை. நீங்கள் 'நாம்' என்றீர்கள். நான் 'நாங்கள்' என்றேன்.

கணவர்: என்ன வித்தியாசம்?

மனைவி: கேட்கிறவர் கிடையாது. எங்களுக்கும் ஒரு குரூப் இருக்கிறது. ஐந்து பேர், ஒரே கார், நானே ஓட்டுகிறேன். நீங்கள் ஐந்து பேரும் பின்னால் வந்து சேருங்கள், டப்பாவோடு. மற்ற நாலு வீட்டிலும் இப்போது இதே பேச்சுதான் நடந்துகொண்டிருக்கும்.

கணவர்: அதெப்படி? அவர்கள் எல்லோரும் சாயந்திரமே 'ரெடி' என்று போட்டுவிட்டார்களே!

மனைவி: நீங்களும்தானே போட்டீர்கள்?

கணவர்: ... இரு. அந்தப் பெட்டியில் என் துணி இருக்கிறதா?

மனைவி: பேக்கிங் ஆச்சா என்று கேட்டீர்கள். ஆச்சு என்றேன். யாருடையது என்று நீங்கள் கேட்கவில்லை.

கணவர்: என்னம்மா இது! பரிசு இல்லை, துணி அடுக்கவில்லை, பிஸ்கட் மாவில்கூட இன்னும் கை வைக்கவில்லை. இத்தனையையும் யார் செய்வது?

மனைவி: நாம் செய்துவிடலாம். விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள், எனக்குத் தூக்கம் வருகிறது.