மறந்து போனவர்கள் அல்ல
"1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அமெரிக்கா போன ஐரிஷ்காரர்கள் வீட்டையே மறந்துவிட்டார்கள், உறவுச் சண்டைக்கு அதுதான் காரணம்" என்கிறீர்கள். நடந்தது நேர்மாறு. முதலில் போனவர் அடுத்தவருக்குக் கப்பல் டிக்கெட்டை அங்கிருந்தே எடுத்து அனுப்புவார். அமெரிக்க வீடுகளில் வேலை பார்த்த பெண்கள் அனுப்பிய பணத்தில்தான் ஊரில் எத்தனையோ குடும்பங்கள் குத்தகை கட்டின. பஞ்சம் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, 1892 ஜனவரி 1 அன்று, நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வருபவர்களைப் பதிவு செய்யத் திறந்த எல்லிஸ் தீவில் முதல் ஆளாக இறங்கிய, அயர்லாந்தின் கார்க் பகுதிப் பெண் ஆனி மூர்கூட, தம்பிகள் இருவரோடு, முன்பே நியூயார்க் போயிருந்த பெற்றோரிடம்தான் போனாள்.

மனஸ்தாபம் இல்லாமலா? நிலம் பெரும்பாலும் ஒரே மகனுக்குப் போனது, மற்றவர்கள் கப்பலேறினார்கள். ஏறியவர்களிடமே பணம் கேட்டுக் கடிதமும் வந்தது. எரிச்சல் வராதா பின்னே?