வட கொரியா கையெழுத்தே போடவில்லையா?

“வட கொரியா அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேரவே இல்லை, அதனால்தான் உலகம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தது” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

வட கொரியா 1985-லேயே சேர்ந்தது. கையெழுத்துப் போடாதவை இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல் போன்ற நாடுகள். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். 1994-ல் அமெரிக்காவுடன் ஓர் உடன்பாடு: வட கொரியா தன் யோங்பியோன் அணு உலையை நிறுத்தி வைத்தால் ஆண்டுக்கு 5 லட்சம் டன் எரிஎண்ணெய். எட்டு ஆண்டுகள் உலை ஓடவில்லை. பேச்சுவார்த்தை வீண் என்பவர்கள் இதை ஏனோ சொல்வதில்லை. அப்புறம் வட கொரியா ரகசியமாக யுரேனியம் செறிவூட்டுகிறது (அணுகுண்டுக்கான மூலப்பொருளைத் தயாரிக்கும் இன்னொரு வழி) என்ற சந்தேகம் கிளம்பி உடன்பாடு உடைந்தது. 2002 டிசம்பரில் உலையில் சர்வதேச அணுசக்தி முகமை வைத்திருந்த முத்திரைகளைப் பிய்த்து, கேமராக்களைச் செயலிழக்கச் செய்து, ஆய்வாளர்களை வெளியேற்றினார்கள். 2003 ஜனவரியில் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவிப்பு.

முதல் அணு சோதனை 2006 அக்டோபர் 9. ஐந்தே நாளில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1718-ஆம் தீர்மானத்தின் மூலம் தடைகள் விதித்தது. சீனாவும் ரஷ்யாவும்கூட ஆதரித்தே வாக்களித்தன. தடைகள் போதுமானவையா என்பது வேறு விவாதம்.

தீர்மானம் ஐ.நா. இணையதளத்திலும், ஆய்வு வரலாறு அணுசக்தி முகமையின் தளத்திலும் இருக்கின்றன. பார்த்துவிட்டு, அந்தச் செய்தியை மேற்கொண்டு அனுப்பாமல் விடுங்கள்.